கோதிக் நாவலில் எம்.ஏ. புராஜெக்ட்: மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, மலையிறங்கிப் போய் ஆங்கில எம்.ஏ. சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் என்று ஒன்று வரும். "புதுசா ஒரு நாவல் எடு, கோதிக் எடு, தீம்ஸ், சிம்பலிசம் பாரு" என்று டீச்சர் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார். கோதிக் என்றால் பாழடைந்த மாளிகை, பழைய குற்றம், பயம் இவற்றைச் சுற்றி நடக்கும் கதை வகை. அந்த ஒரு வரிக்கும், கடைசியில் தங்க எழுத்துப் போட்டு பைண்ட் செய்து மேசையில் வைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் என்னென்ன வேலை இருக்கிறது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உதாரணத்துக்கு சில்வியா மொரேனோ-கார்சியா எழுதிய 'மெக்சிகன் கோதிக்' நாவலை எடுத்துக்கொள்கிறேன். 2020இல் வந்தது. கதையின் முடிச்சுகளையெல்லாம் இதில் அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன். கெட்டுப்போகக் கூடாது என்றால் முதலில் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள். வேறு நாவல் எடுப்பவர்களுக்கும் வேலை இதேதான்.

1. புத்தகம் வாங்குவது

முதல் செலவு இதுதான், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். இணையத்தில் எங்கேயோ இறக்கிய பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு புராஜெக்ட் எழுதினால், மேற்கோளுக்குப் பக்க எண் போடும்போது மாட்டிக்கொள்வீர்கள். அமெரிக்காவில் டெல் ரே போட்ட பதிப்பு ஒன்று, பிரிட்டனில் ஜோ பிளெச்சர் புக்ஸ் போட்ட பதிப்பு ஒன்று. இரண்டிலும் பக்கங்கள் ஒத்துப்போகாது. போனில் படிக்கும் மின்நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே நகர்ந்துவிடும். அச்சுப் பதிப்பு ஒன்றை வாங்கி, கடைசிவரை அந்த ஒன்றிலிருந்தே மேற்கோள் எடுங்கள். பேப்பர்பேக் 500 ரூபாயை ஒட்டி இருக்கும். பழைய பிரதி கிடைத்தால் பாதி விலைக்கு வரும்.

எஸ்டேட் விலாசத்துக்கு ஆர்டர் போட்டால் பார்சல் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் கேப் ரோட்டில் மண் சரிந்தால் ஒரு வாரம் போச்சு. காலேஜ் ஹாஸ்டல் விலாசத்தையோ, டவுனில் தெரிந்த கடை விலாசத்தையோ கொடுங்கள்.

2. மூன்று தடவை படிப்பது

முதல் தடவை பேனா இல்லாமல். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுங்கள். பேய்க்கதையைப் பரிட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தால் அது எங்கே வேலை செய்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் தடவை ஒரு 200 பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறியீட்டுக்கு நான்கைந்து பக்கம் ஒதுக்கிவிடுங்கள்: வீடு, பூஞ்சை, பாம்பு, சுவர்க் காகிதம், கல்லறை, தீ. அந்தப் பொருள் வரும் ஒவ்வொரு இடத்திலும் பக்க எண், யார் பார்க்கிறார், அப்போது என்ன நடக்கிறது, இந்த மூன்றை மட்டும் குறியுங்கள். அர்த்தம் எழுதாதீர்கள். இந்தக் கட்டத்தில் "பூஞ்சை என்பது காலனியத்தின் குறியீடு" என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு வரும் பூஞ்சை எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் தெரியும். அர்த்தத்தைத் தள்ளிப்போடுங்கள்.

நோட்டைத் தமிழில் எழுதுங்கள். இதை வெட்கப்படாமல் செய்யலாம். நமக்கு யோசனை தமிழில்தான் ஓடுகிறது. ஆங்கிலத்தில் யோசிக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தால், ஏற்கெனவே யாரோ எழுதிய வாக்கியம்தான் கைக்கு வரும். பின்னால் ஒப்புமைச் சோதனையில், அதாவது காப்பி அடித்திருக்கிறதா என்று மென்பொருளில் பார்க்கும்போது, மாட்டுவதும் அந்த வாக்கியம்தான்.

மூன்றாம் தடவை முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. நோட்டில் குறித்த இடங்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். முதலில் வந்த பூஞ்சைக்கும் கடைசியில் வரும் பூஞ்சைக்கும் என்ன மாறியிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

எல்லாம் சேர்த்து ஒரு மாதம் ஒதுக்குங்கள். நாவல் 300 பக்கம் சுமார்தான். ஆனால் மற்ற பேப்பர்களும் ஓடிக்கொண்டிருக்கும்.

3. குறியீட்டைப் பின்தொடர்வது

புராஜெக்ட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கதை 1950களின் மெக்சிகோ. நோயெமி டபோவாடா தலைநகரத்துப் பணக்கார வீட்டுப் பெண். மானுடவியல் படிக்க ஆசைப்படுகிறவள். புதிதாகக் கல்யாணமாகிப் போன சொந்தக்காரி கட்டலினாவிடமிருந்து, கணவன் தனக்கு விஷம் வைக்கிறான், வீடே அழுகிக்கிடக்கிறது என்கிற மாதிரி ஒரு கடிதம் வருகிறது. அப்பா நோயெமியை அனுப்பிவைக்கிறார். ஹிடால்கோ மாநிலத்தில் எல் திரியுன்ஃபோ என்ற சுரங்க ஊர். ஊருக்கு மேலே மலையில் ஹை பிளேஸ் என்ற மாளிகை. அதில் டாயில் என்ற ஆங்கிலேயக் குடும்பம். வெள்ளிச் சுரங்கம் மூடிப் பல வருஷமாகிறது, குடும்பம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான புராஜெக்டுகளில் "பாழடைந்த மாளிகை கோதிக்கின் முக்கிய அம்சம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது எல்லாக் கோதிக் நாவலுக்கும் பொருந்தும். அதனால் இந்த நாவலுக்கு உபயோகமில்லை. இந்த வீட்டில் மட்டும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தோட்டம் போட இங்கிலாந்திலிருந்து கப்பலில் மண் கொண்டுவந்திருக்கிறார்கள். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் சத்தம் கூடாது. சிகரெட் கூடாது. முதல் விருந்திலேயே வீட்டுப் பெரியவர் ஹோவர்ட், நோயெமி அவள் சொந்தக்காரியைவிடக் கறுப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லி, உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பேச்சைத் திருப்புகிறார். மண்ணைக் கூட உள்ளூரில் எடுக்காத குடும்பம், இனத்தைப் பற்றிப் பேசுகிறது. இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பத்தி தானாக வந்துவிடும்.

அடுத்தது பூஞ்சை. இந்த நாவலில் பேய் என்று தனியாக ஒன்று கிடையாது. வீட்டின் சுவரிலும் அடித்தளத்திலும் கல்லறையிலும் ஒரு பூஞ்சை ஓடுகிறது. அது நோயை ஆற்றும், ஆயுளைக் கூட்டும், இறந்தவர்களின் நினைவைச் சேர்த்து வைத்திருக்கும். அந்த நினைவுக் கிடங்குக்கு நாவலில் 'க்ளூம்' என்று பெயர். ஹோவர்ட் உடம்பு அழுகிச் சாகும் நேரத்தில் தன் மனத்தைத் தன் வம்சத்து இளைய உடம்புக்கு மாற்றிக்கொள்கிறார், தலைமுறை தலைமுறையாக. இதற்கெல்லாம் நடுவில் ஒரு மனம் தேவைப்பட்டது. அதற்காகத் தன் மனைவி ஆக்னஸை உயிரோடு புதைத்தார். நோயெமி கனவில் பார்க்கும் முகமில்லாத பொன்னிறப் பெண் அவள்தான்.

இங்கே ஒரு கண்ணி. பூஞ்சையை முழுக்கத் தீயது என்று எழுதிவிடாதீர்கள். பூஞ்சை ஆற்றவும் செய்கிறது. அதை ஆயுதமாக்கியவர் ஹோவர்ட். அந்த வீட்டிலேயே இளையவன் பிரான்சிஸ் காளான்களையும், அவற்றின் வித்துகள் தாளில் பதிக்கும் தடங்களையும் ஆசையாகச் சேர்த்து வைக்கிறான். அதே பொருளை ஒருவன் பார்த்து ரசிக்கிறான், ஒருவர் உரிமை கொண்டாடுகிறார். தேர்வாளர் கேட்கும் முதல் குறுக்குக் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

வாலைத் தானே விழுங்கும் பாம்பு வீட்டில் பல இடங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 'முடிவின்மை' என்று அகராதி அர்த்தம் எழுதிவிட்டுப் போகாதீர்கள். சொந்தத்துக்குள்ளேயே மணம் முடித்து, பெற்ற பிள்ளையின் உடம்பையே எடுத்துக்கொள்ளும் குடும்பம் அது. பாம்பு தின்பது தன் வாலை, ஹோவர்ட் தின்பது தன் வம்சத்தை. அப்புறம், டாயில்கள் சொல்லும் லத்தீன் வாசகம் ஒன்று வரும். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்: யோவான் முதலாம் அதிகாரம் 14ஆம் வசனம், வார்த்தை மாம்சமானது என்பது. அந்த வசனத்தை ஹோவர்ட் எப்படித் தலைகீழாக்குகிறார், நற்கருணையின் சாயல் அந்தச் சடங்கில் எங்கே வருகிறது என்று பாருங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேட்காமலே கிடைத்த வசதி இது. நகரத்து மாணவர்கள் பலர் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை.

சுவர்க் காகிதம் சீக்கிரம் முடிந்துவிடும். நோயெமியின் அறையில் பூசணம் பிடித்த காகிதம் அசைவதுபோலத் தெரிகிறது. சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் எழுதிய 'தி யெல்லோ வால்பேப்பர்' சிறுகதையைப் படிக்காமல் இந்த இடத்தைத் தொடாதீர்கள். சின்னக் கதை, ஒரு மாலை போதும், காப்புரிமை முடிந்ததால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டிலும் பெண் சொல்வதை ஒரு டாக்டர் 'நரம்புத் தளர்ச்சி' என்ற பாணியில் தள்ளிவிடுகிறார். கட்டலினாவுக்கு ஊர் வைத்தியச்சி மார்த்தா டுவால் தரும் மருந்து, குடும்ப டாக்டரின் மருந்தைவிட ஏன் வேலை செய்கிறது என்பதை இதோடு சேர்த்துக் கொள்ளலாம்.

கல்லறைதான் எனக்கு மிக முக்கியமாகப்பட்ட இடம். ஹை பிளேஸின் இடுகாட்டில் பெயர் பொறித்த கற்கள் எல்லாம் ஆங்கிலேயர்களுக்கு. கொள்ளைநோயில் செத்த மெக்சிகோ தொழிலாளிகளுக்குக் கல் இல்லை. குழியில் போட்டு மூடியாகிவிட்டது. பிறகு தெரியவருகிறது, பூஞ்சைக்கு அந்த உடம்புகளே உரமாகியிருக்கின்றன. சுரங்கத்தில் உழைத்ததும் அவர்கள், செத்தபிறகு வீட்டைத் தாங்குவதும் அவர்கள்.

தீ கடைசி. முதல் அத்தியாயங்களில் அற்பமாகத் தெரியும் சிகரெட் தடையையும், முடிவில் நோயெமி கல்லறைக்குள் ஆக்னஸின் உடலுக்கு வைக்கும் தீயையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். நோயெமியின் உடை, லிப்ஸ்டிக், சிகரெட் எல்லாவற்றையும் 'ஆடம்பரம்' என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. மெக்சிகோவில் பெண்களுக்கு நாடு முழுதும் ஓட்டுரிமை வந்தது 1953இல். அதற்கு முந்தைய நேரத்தில், தன் இஷ்டத்துக்குச் சிகரெட் பற்றவைக்கும் ஒரு பெண் அந்த வீட்டுக்குள் நுழைகிறாள் என்று பாருங்கள்.

4. கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுவது

நோட்டு நிறைந்ததும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியத்தோடு ஒருவர் சண்டை போட முடிய வேண்டும். "இந்த நாவலில் பல கோதிக் அம்சங்கள் உள்ளன" என்பதோடு யாரும் சண்டை போட மாட்டார்கள், அதனால் அது கருத்தே இல்லை.

இப்படி ஒன்று வைத்துப் பாருங்கள்: செத்த தொழிலாளிகளின் உடம்பைத் தின்றுதான் டாயில் குடும்பம் சாகாமல் இருக்கிறது, நாவலின் குறியீடுகளில் சில அந்தக் கணக்கை மறைக்கின்றன, சில காட்டிக்கொடுக்கின்றன. இப்போது பாம்பும் இங்கிலாந்து மண்ணும் மறைக்கும் பக்கம் போகும், பெயரில்லாத குழியும் தீயும் காட்டும் பக்கம் போகும், பூஞ்சை இரண்டிலும் நிற்கும். மூன்று அத்தியாயங்கள் கிடைத்துவிட்டன.

இந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இதைப் படிக்கும் இன்னொருவரும் எடுப்பார், இரண்டு பேரும் ஒரே தேர்வாளரிடம் போய் நிற்பீர்கள்.

5. நம்ம ஊரை எவ்வளவு கொண்டுவரலாம்

மேலே துரை பங்களா, கீழே தொழிலாளிகளின் லயம், நடுவில் பனி. ஹை பிளேஸைப் படிக்கும்போது நமக்கு ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. மூணாறு பழைய சி.எஸ்.ஐ. கோவிலுக்கு மேலே உள்ள கல்லறைத் தோட்டம் கோவிலைவிட மூத்தது. கோவிலுக்கு அடிக்கல் போட்டது 1910இல். அங்கே முதலில் அடக்கமானவர், 1894இல் காலராவில் இறந்த, நைட் என்ற எஸ்டேட் துரையின் இளம் மனைவி. அவருக்குக் கல் இருக்கிறது, பெயர் இருக்கிறது. காடு வெட்டிக் கொழுந்து கிள்ளிய நம் பாட்டன் பாட்டிகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு கல் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டால், நாவலின் இடுகாட்டுக் காட்சி சட்டென்று திறந்துகொள்ளும்.

ஆனால் அது உங்கள் கண்ணைத் திறக்கத்தான். புராஜெக்ட்டில் பத்துப் பக்கம் மூணாறு வரலாறு எழுதினால், "தலைப்பில் இது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள், கேட்பது நியாயமும்தான். முன்னுரையில் ஒரு பத்தி போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தலைப்பிலேயே ஒப்பீடு என்று சொல்லி, இந்தப் பக்கத்து நாவல் ஒன்றையும் எடுத்து, கைடிடம் (உங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியரிடம்) முதலிலேயே அனுமதி வாங்குங்கள். வேலை இரட்டிப்பாகும், தெரிந்து இறங்குங்கள்.

நாவலின் சொந்த நிலத்தை விட்டுவிடவும் கூடாது. எல் திரியுன்ஃபோ, ஹிடால்கோவில் உள்ள ரியல் டெல் மோன்டே என்ற நிஜ ஊரை வைத்து எழுதப்பட்டது. அங்கே 1820களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கத் தொழிலாளிகள் வந்து குடியேறினார்கள், ஆங்கிலேயர் இடுகாடு ஒன்று இன்றும் இருக்கிறது. 'காலனியம்' என்று எழுதும்போது கவனம்: மெக்சிகோவை ஆண்டது ஸ்பெயின், பிரிட்டன் அல்ல. டாயில்கள் வந்தது முதலாளிகளாக. இந்தியாவில் வெள்ளைக்காரன் ஆண்ட கதையை அப்படியே அங்கே ஒட்டினால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தப்ப முடியாது.

6. கைடு, சினாப்சிஸ்

கைடு உங்களுக்கு ஒதுக்கப்பட்டவராக இருந்தாலும், முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். அந்த ஒரு வாக்கியமும், மூன்று அத்தியாயத் தலைப்பும், ஒரு தாளில். "டீச்சர், இந்த நாவல், இதுதான் என் பாயிண்ட்" என்று நீட்டினால் பத்து நிமிஷத்தில் முடிகிற பேச்சு, "எதை எடுக்கலாம் டீச்சர்?" என்று போய் நின்றால் ஒரு மாதம் இழுக்கும். எங்கள் காலத்தில் ஒரு கைடு சினாப்சிஸை வாரக்கணக்கில் பையிலேயே வைத்திருந்தார். கெஞ்சிக் கேட்டும் நகரவில்லை. அப்படி ஆனால் மின்னஞ்சலில் ஒரு பிரதி அனுப்பித் தேதியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் தாமதம் யார் தலையில் விழும் என்ற பேச்சு வரும்போது அது உதவும்.

சினாப்சிஸ் இரண்டு மூன்று பக்கம் போதும்: தலைப்பு, கருத்து, இதுவரை மற்றவர்கள் சொன்னது, உங்கள் முறை, அத்தியாயப் பிரிவு, நூல் பட்டியல். தலைப்பு ஏற்கப்பட்டபின் ஒரு எழுத்தைக் கூட மாற்றாதீர்கள். ஏற்கப்பட்ட தலைப்பும் அட்டைத் தலைப்பும் ஒத்துப்போகாமல் பைண்டிங்கை உடைத்து மறுபடி போட்டவர்கள் இருக்கிறார்கள்.

பெயர் விஷயத்தில் நமக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, ஹால் டிக்கெட்டில் மலையாள உச்சரிப்பில் எழுத்து மாறி. புராஜெக்ட் சான்றிதழில் ஹால் டிக்கெட்டில் உள்ளபடியே பெயரும் பதிவெண்ணும் போடுங்கள். ஹால் டிக்கெட்டிலேயே தவறு என்றால், அதைத் திருத்த இப்போதே விண்ணப்பியுங்கள். எந்த மேசைக்கு, எவ்வளவு கட்டணம் என்று காலேஜ் ஆபீசில் கேட்டுவிட்டு, விண்ணப்பம் போட்டுத் தரும் அக்ஷயா மையத்துக்குப் போங்கள்.

7. துணை நூல்கள்

காசு செலவழிக்காமல் நிறையக் கிடைக்கும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா இணையதளத்தில் இலவசம். கோதிக் என்று தேடிப் பாருங்கள். மற்றவர்கள் அத்தியாயத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்க்க மட்டும், வாக்கியத்தைத் தொடாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மொரேனோ-கார்சியா கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்தவர். தலைப்பு, அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் எழுத்தில் பெண்களும், 'நல்ல' இனத்தைத் தேர்ந்து வளர்க்க வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் சிந்தனையும். அந்த ஆய்வேடு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஹோவர்ட் டாயில் இனத்தைப் பற்றிப் பேசும் பேச்செல்லாம் எங்கிருந்து வந்தது என்று புரிய இதைவிட நல்ல இடம் இல்லை. நூல் பட்டியலில் இது இருந்தால் தேர்வாளர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார்.

கோட்பாட்டில் ஒன்றைப் பிடியுங்கள், அதிகம் போனால் இரண்டு. அருவருப்பைப் பற்றி ஜூலியா கிறிஸ்தேவா 1980இல் எழுதியது பூஞ்சைக்கும் ஹோவர்டின் அழுகும் உடம்புக்கும் பொருந்தும். கில்பர்ட், கூபர் இருவரும் எழுதிய 'தி மேட்வுமன் இன் தி ஆட்டிக்' என்ற பெண்ணிய விமர்சன நூல் கட்டலினாவுக்கும் ஆக்னஸுக்கும் பொருந்தும். இதோடு ஃபிராய்ட், ஃபூக்கோ, ஹோமி பாபா எல்லோரையும் கூப்பிட்டால் நாவலுக்கு உட்கார இடம் இருக்காது.

மேற்கோள் முறை பெரும்பாலும் எம்.எல்.ஏ., அதாவது மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன் வகுத்த முறைதான். அதில் 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்புதான் வேண்டுமா என்று கைடிடம் கேட்டுவிட்டு, படிக்கும்போதே பட்டியலை எழுதிக்கொண்டே வாருங்கள். கடைசி இரவில் பட்டியல் போட உட்கார்ந்தால் வெளியீட்டாளர் பெயர் பாதிக்குக் கிடைக்காது.

8. ஒப்புமைச் சோதனை

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருஷம் சமர்ப்பிக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முதுகலை மாணவர்களுக்கும் இது உண்டு. முறையாகப் பெயர் சொல்லி எடுத்த மேற்கோள், நூல் பட்டியல், நன்றியுரை இதெல்லாம் அந்தச் சதவீதக் கணக்கில் சேராது. ஆனால் அதை மென்பொருளில் விலக்கச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அப்படியே ஓட்டிவிட்டு 27 சதவீதம் என்று தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

பெரிய கண்ணி இதுதான்: வெளிக் கடையில் காசு கொடுத்து முன்கூட்டியே சோதிக்கிறேன் என்று போகாதீர்கள். அவர்கள் உங்கள் கோப்பை மென்பொருளின் சேமிப்பில் விட்டுவிட்டால், காலேஜில் சோதிக்கும்போது உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராக நூறு சதவீதம் காட்டும். காலேஜ் நூலகத்தில் கேளுங்கள், பெரும்பாலும் இலவசமாகவே செய்து தருவார்கள். சமர்ப்பிக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கொடுங்கள். கடைசி வாரத்தில் நூலகத்தில் வரிசை வாசல் வரை நிற்கும்.

9. அச்சு, பைண்டிங்

எண்ணிக்கை காலேஜுக்குக் காலேஜ் மாறும். பொதுவாகத் துறைக்கு, கைடுக்கு, உங்களுக்கு என்று மூன்று பிரதி. 50 பக்கம் என்று வைத்துக்கொண்டால் டவுனில் பக்கம் 2, 3 ரூபாய், மூன்று பிரதிக்கு 450க்குள். கெட்டி அட்டை பைண்டிங் ஒன்றுக்கு 200 முதல் 300. டைப் செய்யக் கொடுத்தால் தனி. புத்தகம், பஸ், டீ எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் கையில் இருந்தால் நிம்மதியாக முடிக்கலாம்.

இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பைண்டிங்குக்குள் எழுத்து போய்விடும். நோயெமி பெயரில் கடைசி எழுத்துக்கு மேலே ஒரு சாய்கோடு உண்டு. டிடிபி சென்டரில் எழுத்துரு மாற்றும்போது அந்த எழுத்து கட்டமாக மாறி, 50 பக்கத்திலும் அப்படியே நிற்கும். பிடிஎஃப்பாக மாற்றி எடுத்துக்கொண்டு போனால் இந்தத் தொல்லை இல்லை.

வரிசை இது: முதலில் ஸ்பைரல் போட்டுக் கைடிடம் காட்டி, திருத்தி, கையெழுத்து வாங்க வேண்டிய சான்றிதழ்ப் பக்கங்களைத் தனித் தாளில் அச்சடித்து, கைடு, துறைத்தலைவர் இருவரிடமும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கியபின்தான் கெட்டி பைண்டிங். துறைத்தலைவர் பரிட்சை வேலையாக வெளியூர் போகும் வாரமும் உங்கள் கடைசி வாரமும் ஒன்றாகத்தான் வரும். அவர் எப்போது இருப்பார் என்று ஆபீசில் முன்னமே விசாரித்துக்கொள்ளுங்கள்.

10. வைவா

பதினைந்து நிமிஷம் சுமார். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் நாவலைப் படித்திருக்க மாட்டார் என்று நினைத்துப் போகாதீர்கள்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்: இது ஸ்பானிஷிலிருந்து மொழிபெயர்த்ததா? இல்லை, ஆசிரியர் மெக்சிகோவில் பிறந்தவர், கனடாவில் வசிக்கிறார், நாவலை ஆங்கிலத்திலேயே எழுதினார். தலைப்பில் மெக்சிகன் என்று இருப்பதால் பாதிப் பேர் இங்கே வழுக்கி விழுவார்கள். வெறும் திகில் நாவலுக்கும் கோதிக்குக்கும் என்ன வித்தியாசம்? பழைய குற்றம் ஒன்று ஒரு இடத்தோடு ஒட்டிக்கொண்டு இன்றைய மனிதரைப் பிடிப்பது என்று தொடங்கி, உடனே ஹை பிளேஸுக்கு வந்துவிடுங்கள். வரையறையில் நிற்காதீர்கள். முடிவு நல்ல முடிவா? வீடு எரிகிறது, மூன்று பேர் தப்பிக்கிறார்கள், ஆனால் பிரான்சிஸின் உடம்பிலும் அந்தப் பூஞ்சை இருக்கிறது. அது போய்விட்டதா என்று நாவல் உறுதியாகச் சொல்வதில்லை. ஆசிரியர் சொல்லாததை நீங்களும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரு ஆதாரம் வைத்துக்கொண்டு, உங்களுக்கு எது சரியாகப்படுகிறது என்று சொல்லுங்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் பயப்பட வேண்டாம். பக்கத்தைத் திருப்பி அந்த இடத்தைக் காட்டிப் பேசுங்கள். நாவல் பிரதியில் ஒட்டுக் காகிதம் வைத்து எடுத்துக்கொண்டு போனால் இது சுலபம்.

வைவா முடிந்ததும் கோப்பை அழித்துவிடாதீர்கள். மார்க் லிஸ்ட் கைக்கு வரும்வரை பிடிஎஃப் ஒன்று மின்னஞ்சலிலும் ஒன்று பென்டிரைவிலும், கையெழுத்தான பிரதி ஒன்று மழை படாத இடத்தில் பாலிதீன் உறைக்குள்ளும் இருக்கட்டும்.